செங்கற்பாறைக்குப் பெயர் சூட்டியவர்

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் அந்தமான் நகரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்த கொத்தனார். முதுகலை வகுப்பில் பாறைச் சிதைவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இருவர் என் நினைவுக்கு வருவர். ஒருவர் அவர்; மற்றவர் பிரான்சிஸ் புக்கானன்.

புக்கானன் 1762இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1783இல் பட்டம் பெற்றார். கப்பல் மருத்துவராகக் கடல்களில் அலைந்தபின், 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டே பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம் பெற்றார். வழியில் கப்பல் அந்தமானில் தங்கியது. எங்கள் தீவின் செடிகொடிகளை அவர் ஆராய்ந்தார் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். வென்ற நாட்டின் வளத்தைக் கணக்கெடுக்க வெல்லெஸ்லி பிரபு புக்கானனை அனுப்பினார். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டவர் மைசூர், கோவை, மலையாளம், கன்னடக் கரை என ஓராண்டுக்கு மேல் சுற்றினார். உழவரையும் நெசவாளரையும் இரும்பு உருக்குவோரையும் கேட்டுக் கேட்டு எழுதினார். ஆளவந்தோருக்காக எடுத்த கணக்குத்தான் அது. ஆயினும் கேட்கும் செவி அவருக்கு இருந்தது.

மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் ஒரு செங்கல்லைக் கண்டார். மண்ணுக்குள் இருக்கும்வரை அது மென்மையானது. இரும்புக் கருவியால் சதுரமாக வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட்டால் இறுகிவிடும். ஊரார் அதைச் சுட்ட செங்கல்லோடு ஒப்பிட்டு அழைத்தனர். அவரும் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். 1807இல் வெளிவந்த அவருடைய மூன்று தொகுதி நூல்வழி அப்பெயர் உலகெங்கும் பரவியது. நம்மவர் செம்புறாங்கல் என்பதும் அதுவே. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில், நீர் பாறையின் கரையும் பொருள்களை அரித்துச் செல்கிறது. இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கிவிடுகின்றன. அந்த இரும்பே கல்லின் செம்மை.

என் தந்தையார் இளமையில் அக்கல்லை வெட்டியவர். எங்கள் வீட்டின் பின்னே மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காய் அமைந்த சரிவு உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, மழைக்காலத் தொடக்கத்தில், அவர் அங்கே ஒரு கல்லை எடுத்து விரலால் நொறுக்கிக் காட்டினார். பாறை நொந்துவிட்டது, அடுக்களையை முன்பக்கம் மாற்றவேண்டும் என்றார். பாறையாவது நோவதாவது என்று புத்தகச் செருக்கோடு நகைத்தேன். பத்து நாளில் சரிவு இறங்கி அடுக்களைச் சுவரைச் சாய்த்தது. தண்ணீர் எடுக்க அம்மா வாசலுக்கு வந்திருந்ததால் உயிர் பிழைத்தார். அன்றுமுதல் நான் அப்பாவிடம் கேட்டுப் படிக்கத் தொடங்கினேன்.

புக்கானன் பின்னர் நேபாளத்தையும் வங்காளத்தையும் ஆராய்ந்தார். 1815இல் தாயகம் திரும்பினார். 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலை வெளியிட்டு, 1829இல் மறைந்தார். அங்காடிப்புரத்தில் 1979இல் நினைவுக்கல் எழுந்தது. ஆனால் அவருக்குக் கல்லின் இயல்பை உணர்த்திய தொழிலாளர் பெயர் எங்கும் இல்லை.

தோழர்களே! நாளை நாம் பாறையைச் சோதிக்கச் செல்லும் ஊரில், அதை வெட்டும் கைக்கு உரியவரின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுவோம்.