ஏழை மாணவர் மேகநாத சாகா

தேர்வு என்பது கடக்க வேண்டிய ஓர் ஆறு. ஓடம் உடையவன் எளிதில் கடப்பான்; ஓடமில்லாதவன் நீந்தியே கரையேற வேண்டும். அங்ஙனம் நீந்திக் கரையேறி, உலகம் போற்றும் அறிவியலறிஞராக உயர்ந்தவர் மேகநாத சாகா. கல்லூரியில் அறிவியல் பயிலும் நம் இளைஞர்கள் அவர் வரலாற்றை அறிதல் நலம்.

சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், டாக்கா நகருக்கு அருகிலுள்ள சியோராத்தளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாதர் சிறு மளிகைக் கடை நடத்தியவர். எட்டு மக்களுள் சாகா ஐந்தாமவர். அவர் பிறந்த வகுப்பு, சாதியடுக்கில் தாழ்வாக மதிக்கப்பட்டது. நம் மக்கள் ஏற்ற கொடுமை முழுவதையும் அவர் ஏற்றவரல்லர். எனினும் அதன் கசப்பைச் சுவைத்தவர்.

தொடக்கக் கல்விக்குமேல் பயில ஊரில் பள்ளியில்லை. சிமுலியா என்னும் ஊரிலிருந்த மருத்துவர் அனந்தகுமார் தாஸ் தம் இல்லத்தில் இடமளித்தார். அங்கே தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவி, மாட்டையும் பராமரித்துக்கொண்டு பயின்ற சிறுவர், நடுநிலைப் பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். திங்களுக்கு 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1905இல் டாக்கா சென்று உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அண்ணன் ஜயநாதர் தாம் பெற்ற 20 ரூபாய் ஊதியத்தில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். கிழக்கு வங்க வைசிய சமிதி என்னும் சமுதாயச் சங்கம் மாதந்தோறும் 2 ரூபாய் வழங்கிற்று. வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவருடன் சேர்ந்தமையால் சாகா பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். அரசின் உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளி இடமளித்தது. 1909இல் நுழைவுத் தேர்வெழுதி, கிழக்கு வங்க மாணவருள் முதலிடம் பெற்றார்.

டாக்கா கல்லூரியில் இண்டர்மீடியட் அறிவியல் பயின்றபோது, ஜெர்மன் மொழியையும் ஒரு பாடமாக எடுத்துத் தேறினார். 1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினார். உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையன்று பீடத்தருகே செல்லவும் விடவில்லை. கலைமகளுக்கு அருகில் நிற்கத் தகுதியற்றவர் எனப்பட்டவர், 1913இல் பி.எஸ்ஸி. கணிதத்திலும் 1915இல் எம்.எஸ்ஸி. தேர்விலும் பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம் பெற்றார். இருமுறையும் முதலிடம் பெற்றவர், பின்னாளில் உலகப் புகழ் எய்திய அவருடைய வகுப்புத் தோழர் சத்தியேந்திரநாத் போஸ்!

பின்னர் அரசின் நிதித்துறைப் பணித் தேர்வெழுத விரும்பினார். விடுதலை இயக்கத்தாருடன் தொடர்புடையவரெனக் கருதி அரசு இசைவு தர மறுத்தது. மிதிவண்டியில் அலைந்து தனிப்பாடம் கற்பித்து வயிறு வளர்த்தார். 1916இல் கல்கத்தாவின் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளரானார். கணிதம் பயின்றவருக்கு இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பு வந்தது. வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் தாமே கற்று, மாணவர்க்கும் கற்பித்தார். தேர்வுக்காகக் கற்ற ஜெர்மன் மொழி இப்போது கைகொடுத்தது. ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளைப் போசும் அவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர்.

1920இல் சாகா தம் அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். கடும் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. அந்த இழப்பின் அளவு வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது என அது கணக்கிட்டுக் காட்டிற்று. விண்மீன் ஒளியின் நிறமாலைக் கோடுகளைக் கொண்டு அதன் வெப்பநிலையை அறிய இதனால் வழி பிறந்தது. 1927இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று. 1952இல் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! வானூர் வட்டத்து மாணவர் பலர் நாள்தோறும் பேருந்தேறித் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் சென்று பயில்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர் அவருட் பலர். இயற்பியலிலோ கணிதத்திலோ ஒரு தாள் தவறியவுடன், அறிவியல் நமக்கு வாராது எனப் படிப்பையே கைவிடுவாரை யாம் கண்டு வருந்தியதுண்டு. தவறிய தாளை மீண்டும் எழுதலாம். விட்ட படிப்பை மீண்டும் பிடித்தல் அரிது. தேர்வுக்கு முந்திய வாரம் மட்டும் நூலைத் தொடாமல், அன்றன்று கற்றதை அன்றன்றே எழுதிப் பாருங்கள். கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். அங்ஙனம் கற்றதே, சாகாவுக்கு ஜெர்மன் உதவியதுபோல், பின்னாளில் உதவும்.

சங்க உறுப்பினர்க்கும் ஒரு சொல். அந்த 2 ரூபாயை வழங்கிய சமிதியார், தாம் ஒரு விண்மீன் அறிஞரை வளர்ப்பதாக அன்று அறிந்திருக்க மாட்டார்கள். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் திரட்டிவரும் சிறு தொகைகளும் அத்தகையனவே. எந்தப் பிள்ளை எவ்வளவு உயரும் என்பதை யாரும் முன்னறிய இயலாது. ஆதலின் கேட்டு வரும் எப்பிள்ளையையும் வெறுங்கையுடன் அனுப்பாதிருப்போமாக.