தந்திக் கம்பி போட்ட டாக்டர்

ஊரிலிருந்து தந்தி என்றாலே பிரிக்கும் முன் கை நடுங்கும். வெளிமாநிலத்தில் பிழைக்கப் போன குடும்பங்களில் இதை அறியாத வீடு இல்லை. 2013 ஜூலையில் அந்தச் சேவை நின்று போனது. அதை இந்தியாவில் தொடங்கி வைத்தவர் ஓர் என்ஜினீயர் அல்ல, ஒரு டாக்டர்.

அவர் பெயர் வில்லியம் ஓஷாக்னஸி. அயர்லாந்தில் லிமெரிக் நகரில் 1809-ம் ஆண்டு பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்து போவதைக் கண்டார். அவற்றை ரத்தக் குழாய் வழியாகத் திரும்ப ஏற்றலாம் என்று எழுதினார். இன்று ஆஸ்பத்திரியில் பாட்டிலைத் தொங்க விட்டு ஏற்றுகிறார்களே, அதற்கு வித்து அதுதான். ஆனாலும் லண்டனில் தொழில் நடத்த அவருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி டாக்டர் வேலை ஏற்றுக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்.

மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். மின்சாரத்தின் மீதும் ஆசை விழுந்தது. 1839-ல் கல்கத்தா அருகே இரும்புக் கம்பியை மைல் கணக்கில் கட்டி, அதில் சைகை அனுப்பிப் பார்த்தார். விரலில் படும் சிறு ‘ஷாக்’கைக் கொண்டே சைகையை அறிந்தார். ஹூக்ளி ஆற்று நீர் வழியாகவும் மின்சாரத்தை ஓட விட்டார். கம்பெனி சர்க்கார் இதைக் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷம் ஓடிப் போனது.

குரங்கும் கம்பியும்

கவர்னர் ஜெனரலாக டல்ஹௌசி பிரபு வந்த பிறகே அதிர்ஷ்டம் திரும்பியது. கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை சோதனைக் கம்பி போட உத்தரவானது. சுமார் 30 மைல் தூரம். 1851-ல் வேலை செய்யத் தொடங்கியது. கப்பல் வரும் செய்தி அந்தக் கணமே கல்கத்தாவுக்குத் தெரிந்தது.

ஐரோப்பாவில் போட்ட மெல்லிய கம்பி இங்கே உதவாது என்று ஓஷாக்னஸி உணர்ந்தார். புயல் ஒரு பக்கம், ஊஞ்சலாடும் குரங்குக் கூட்டம் ஒரு பக்கம். ஆகவே கனத்த இரும்புக் கம்பியையே மூங்கில் கம்பங்களில் தூக்கிக் கட்டினார். கருவிகளையும் இங்கேயே செய்து கொண்டார். வலது கையாக இருந்தவர் சிப் சந்திர நந்தி என்ற வங்காளி. நாணயச் சாலையில் ஓஷாக்னஸியின் கீழ் வேலை பார்த்தவர். டயமண்ட் ஹார்பரிலிருந்து முதல் சைகையை அனுப்பியவர் அவரே.

1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. 1854 மார்ச் 24-ந் தேதி ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி பறந்தது. 800 மைல்! அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பம்பாயும் சென்னையும் இணைந்தன. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்கும் தந்தி திறந்து விடப்பட்டது. பருத்தி விலையும் அபின் விலையும் கம்பியில் ஓடின.

கம்பி யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை வைத்திருந்தது. அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் நடத்தின. பிரிட்டனிலும் அப்படித்தான். கட்டணம் அதிகம், சிற்றூர்களில் ஆபீஸ் இல்லை என்று வியாபாரிகளும் பத்திரிகைக்காரர்களும் புகார் சொன்ன பிறகு, 1870-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தந்தியை விலைக்கு வாங்கித் தபால் இலாகாவிடம் கொடுத்தது. இந்தியாவிலோ 1854-ம் ஆண்டுச் சட்டமே தந்தியைக் கம்பெனி சர்க்காரின் தனி உரிமை ஆக்கிவிட்டது. இங்கே எந்த ஜனமும் புகார் சொல்லவில்லை. ஆள்கிறவர்களுக்குக் கம்பி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதன் பலன் 1857-ல் தெரிந்தது. மே 11-ந் தேதி டில்லியில் கலகம் மூண்ட செய்தி தந்தியில் அம்பாலாவுக்குப் போயிற்று. பஞ்சாபில் வெள்ளை அதிகாரிகள் உஷாரானார்கள். கலகக்காரர்களும் விவரம் அறிந்தே கம்பிகளை அறுத்தார்கள். ஓஷாக்னஸி அப்போது இந்தியாவிலேயே இல்லை. முந்தின ஆண்டுதான் ‘சர்’ பட்டம் பெற்றிருந்தார்.

சர்க்காரின் பிடி தளரவில்லை, இறுகியது. 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டம் அதே தனி உரிமையை உறுதி செய்தது. அவசர நிலைமையில் செய்திகளை நிறுத்தவும், வழிமறித்துப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. வீட்டு டெலிபோனுக்கு வருஷக் கணக்கில் காத்திருந்தது அதன் கீழ்தான். செல்போன் கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கியதும் அதன் கீழ்தான். அதற்குப் பதிலாக 2023-ல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூனிலிருந்து பகுதி பகுதியாக அமலுக்கு வந்தது. வழிமறித்துக் கேட்கும் அதிகாரம் அதிலும் இருக்கிறது.

ஓஷாக்னஸி 1860-ல் இந்தியாவை விட்டுப் போனார். மறு வருஷம் தம் பெயரோடு ப்ரூக் என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துக் கொண்டார். நந்தி தந்தி இலாகாவிலேயே தொடர்ந்தார். ராய் பகதூர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஓஷாக்னஸி இங்கிலாந்தில் சத்தமின்றி வாழ்ந்து, 1889 ஜனவரியில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார்.