பிச்சைக்கு உதவாத கைகள்

வெள்ளகோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால், விரல் நுனி அதைத் தேடிப் பிடித்துவிடும். பிடித்த கையோடு முடிச்சும் விழுந்துவிடும். அந்த விரல் நுனியில் உணர்ச்சி போய்விட்டால் என்ன ஆகும்? தறி போகும். கூலியும் போகும்.

தொழுநோய் செய்கிற கொடுமை இதுதான். அது மனிதனை உடனே கொல்வதில்லை. முதலில் விரலின் உணர்ச்சியை எடுக்கும். அடுத்தபடியாக வேலையைப் பறிக்கும். வேலை போனவனுக்கு வீடும் உறவும் தங்குவதில்லை. கடைசியில், கோயில் வாசலில் தகரக் குவளையோடு கொண்டுபோய் உட்கார வைத்துவிடும்.

அப்படி உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, கையைச் சீராக்கி, அந்தக் கையில் உளியும் ரம்பமும் கொடுத்தார் ஒரு டாக்டர். அவர் பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான். ஆனால் அவர் வளர்ந்த இடம் நமக்கு அதிக தூரம் இல்லை. வெள்ளகோவிலிலிருந்து கரூர், நாமக்கல் வழியாகப் போய்க் காரவள்ளி அடிவாரத்தில் நின்றால் எதிரே தெரியும் கொல்லிமலைதான் அது.

மலையில் வளர்ந்த பிள்ளை

பால் பிராண்ட் 1914-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி, தாய் ஈவ்லின். இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள். அந்த நாளில் மலைக்குச் சாலை கிடையாது. மலேரியாவுக்குப் பயந்து வெளியூர்க்காரர்கள் அந்த மலையில் தங்கவே தயங்குவார்கள். ஜெஸ்ஸி கொஞ்சம் வைத்தியம் கற்றவர். வீடு கட்டவும் தெரிந்தவர். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுப்பதும், கைத்தொழில் கற்றுக்கொடுப்பதும் அவருடைய அன்றாட வேலை. பையன் பால், மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவினான். பாடம் படிப்பதுகூட மரக் கிளையில் உட்கார்ந்துதான்.

ஒரு நாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் மலையேறி வந்தார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தந்தை கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்ணுக்குக் கட்டுப் போட்டார். எந்த நோயாளியைத் தொடவும் அஞ்சாத அப்பா இவர்களைத் தொட மட்டும் ஏன் தயங்குகிறார் என்று பையனுக்குத் திகிலாக இருந்தது. அந்தத் திகில் பல ஆண்டுகள் அவனை விடவில்லை.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அதன் பிறகு தந்தையை அவன் பார்க்கவே இல்லை. 1929-ம் ஆண்டு, மலேரியாவை ஒட்டி வரும் ஒரு கடுமையான காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார்.

பாலுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கொத்து இரண்டும் கற்றார். சில ஆண்டுகள் கழித்துத்தான் டாக்டர் படிப்புக்குத் திரும்பினார். தச்சனாக இருந்த காலம் வீண் போலத் தோன்றும். ஆனால் அது வீண் போகவில்லை. பின்னால் அதுதான் பல பேருக்குச் சோறு போட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டு விழுந்து காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து, அறுவை வைத்தியத்தில் கை தேர்ந்தார். 1946-ம் ஆண்டு கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டில் கண்ட உண்மை

1947-ம் ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் புதிய சல்போன் மருந்துகளைக் கொடுத்து நோயை அடக்கி வந்தார். மருந்தால் கிருமி அடங்கியது. ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அந்தக் கைகளைப் பற்றி ஆராய எலும்பு வைத்தியர் ஒருவரும் முன்வரவில்லை.

மடங்கிய கையோடு இருந்த ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். அழுத்திய அழுத்தில் அவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. இரும்புப் பிடி! செத்த கை என்று எல்லாரும் நினைத்திருந்த கையில் இவ்வளவு பலம் எப்படி?

ஆராய்ந்து பார்த்ததில் விவரம் தெரிந்தது. தொழுநோய், நரம்புகளைச் சில குறிப்பிட்ட இடங்களில்தான் தாக்குகிறது. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையில் உள்ள பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால், நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து வேறு வழியாகக் கொண்டுபோய், செயலற்ற விரலோடு இணைக்கலாம் அல்லவா?

1948-ம் ஆண்டில் அந்த ஆபரேஷன்களைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பொது ஆஸ்பத்திரிகளில் தொழுநோயாளிக்குக் கட்டில் கிடைப்பதே அரிது. கத்தி வைத்தால் புண் ஆறாது என்று பலரும் எச்சரித்தார்கள். புண் ஆறியது. வாரக் கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகு விரல்கள் நிமிர்ந்தன. சோற்றை அள்ளின. பேனாவைப் பிடித்தன.

வந்தது புதுக் கவலை

கை நன்றாகி ஊர் திரும்பிய சிலர் மீண்டும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. விசாரித்ததில் டாக்டர் திடுக்கிட்டார். அவர் செய்த உதவி அவர்களுக்கு உபத்திரவமாகி இருந்தது. முன்பு மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைக் கண்டதும் போடவில்லை. முகத்தில் நோயின் தழும்பு இருந்ததால் வேலை கொடுப்பாரும் இல்லை. குடியிருக்க இடம் தருவாரும் இல்லை. வேலை செய்யத் தகுதியான கை, பிச்சைக்கு உதவாத கையாகிவிட்டது!

நோயைத் தீர்த்து, பிழைப்புக்கு வழி காட்டாமல் அனுப்பினால் அது பாதி வைத்தியம்தான். பிராண்ட் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. திரும்பி வந்த அந்த ஏழைகளிடம்தான் கற்றார்.

நவஜீவ நிலையம்

1951-ம் ஆண்டு, வயது முதிர்ந்த ஓர் அம்மையார் தந்த பணத்தைக் கொண்டு, மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சில மண் குடிசைகள் எழுந்தன. அதற்கு நவஜீவ நிலையம் என்று பெயர். ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். ஒரு தச்சுப் பட்டறை ஏற்பட்டது. கற்றுக்கொடுத்த ஆசிரியர் யார்? பழைய தச்சரான டாக்டரேதான். காலையில் கத்தி பிடித்த கை, ஓய்வு கிடைத்தால் இழைப்புளி பிடித்தது. நோயாளிகள் மர பொம்மைகள் செய்தார்கள்.

பட்டறையில் ஒரு விபரீதமும் நடந்தது. சீரான கைகளில் புதிது புதிதாகக் காயங்கள் தோன்றின. தொழுநோய் வந்தால் விரல் தானாகவே அழுகி விழுந்துவிடும் என்பதுதான் காலம் காலமாக உலகம் நம்பி வந்தது. பிராண்ட் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார். சுத்தியல் பிடியில் சிலாம்பு இருந்திருக்கும். குத்தியது தெரியாமல் வேலை செய்திருப்பார்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருப்பார்கள்.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் டாக்டர் திணறினார். நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சதை எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை.

சிலருக்கு இரவு தூங்கும்போது இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் இருக்காது. இது பெரிய மர்மமாக இருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது மர்மம் வெளிப்பட்டது. எலிகள்! எலி கடித்துத் தின்பதுகூடத் தெரியாமல் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றுமுதல் நிலையத்தில் பூனை வளர்ப்பது சட்டமாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எத்தனையோ விரல்களைக் காப்பாற்றியது அந்தப் பூனைதான்.

விரலைத் தின்பது நோய் அல்ல, வலி தெரியாமையே என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. கருவிகளின் பிடியை மாற்றினார்கள். நாள்தோறும் கையையும் காலையும் தாமே கண்ணால் பார்த்துச் சோதிக்கப் பழக்கினார்கள். காயங்கள் குறைந்தன.

புருவம் வந்தது

கை சரியானாலும் முகத்தைப் பார்த்து விரட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஆகவே சப்பிய மூக்கை நிமிர்த்தினார். உதிர்ந்த புருவத்துக்குப் பதிலாகத் தலையிலிருந்து முடியுள்ள தோலை எடுத்துப் பொருத்தினார். தலைமுடி அல்லவா? அது நீளமாக வளர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். கத்தரிக்காமல் விட்டு, நீண்ட புருவத்தைப் பெருமையாகக் காட்டியவர்களும் உண்டு. அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட், தொழுநோயாளிகளின் கண்களைக் காக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு முள்ளும் கல்லும் எமன். அவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புகள் தயாராயின. ஆறாத புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தார்கள். காட்பாடி அருகே கரிகிரியில் 1955-ம் ஆண்டு தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை ஏற்பட்டது. பல நாட்டு டாக்டர்கள் இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1960-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு பிராண்டைத் தேடி வந்தது.

தாய் ஈவ்லினைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஊழியத்திலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் அந்த அம்மாள் ஊருக்குப் போகவில்லை. குதிரை மீது ஏறி மலை மலையாகச் சென்று மருந்து கொடுத்தார். 1974-ம் ஆண்டு, 95-வது வயதில் காலமானார்.

பிராண்ட் 1966-ம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று, லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 88.

தொழுநோய்க்கு இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 1982-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டதுமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கை மடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கால் மரத்துப்போவது தொழுநோயாளிக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. சர்க்கரை நோய் முற்றினாலும் பாதத்தில் உணர்ச்சி குறையும். செருப்பில் ஆணி குத்தினாலும் தெரியாது. பிராண்ட் கையாண்ட மாவுக்கட்டும் மெத்தென்ற செருப்பும் அவர்களுக்கும் உதவுகின்றன. கரிகிரிக்குக் கால் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள்.