மண் நிறச் சட்டை தந்த லம்ஸ்டன்

போலீஸ்காரர் அணிவது காக்கி. ஆட்டோ ஓட்டுபவர் அணிவதும் காக்கி. நாம் தினமும் பார்க்கும் நிறம். ஆனால், இந்த நிறத்தை ஒரு பட்டாளத்துக்கு முதலில் உடுப்பாகக் கொடுத்தவர் யார்?

அவர் பெயர் ஹாரி லம்ஸ்டன். பட்டாளம் என்றால் பளபளப்பு வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், மண்ணோடு மண்ணாகத் தெரியும் சட்டையைத் தன் ஆட்களுக்கு மாட்டிவிட்டவர்.

கப்பலில் பிறந்தார்

லம்ஸ்டன் பிறந்தது வீட்டில் அல்ல, கப்பலில்! 1821-ம் ஆண்டு நவம்பரில், வங்காள விரிகுடாவில் வந்துகொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் பிறந்தார். தந்தை கம்பெனியின் பீரங்கிப் படை அதிகாரி. சிறுவனை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். 16 வயதில் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

அந்த நாளில் கம்பெனிச் சிப்பாயின் உடுப்பைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். உடலை இறுக்கும் சிவப்புச் சட்டை. கழுத்தை நெரிக்கும் தோல் பட்டை. மார்பில் குறுக்கே வெள்ளை வார். நம் ஊர் வெயிலில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டும்!

1842-ல் ஆப்கானிஸ்தான் போரில் கைபர் கணவாய் வழியே சென்ற படையில் லம்ஸ்டனும் இருந்தார். அங்கே மலைவாசிகள் பாறை மறைவில் படுத்து, நீண்ட குழல் துப்பாக்கியால் சுடுவார்கள். அவர்களுடைய அழுக்கேறிய உடை பாறையோடு கலந்துவிடும். கம்பெனிப் படையின் சிவப்போ வெகு தூரத்திலிருந்தே தெரியும். சிப்பாயின் பழைய துப்பாக்கி சுமார் 100 கஜத்துக்கு அப்பால் குறி தவறும். சுடுபவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சுடப்படுபவன் மட்டும் நன்றாகத் தெரிகிறான்!

பச்சைச் சட்டைக்காரர்கள்

மறைந்து போரிடுவது வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாத கலை அல்ல. 1800-ம் ஆண்டு வாக்கிலேயே பிரிட்டனில் ரைபிள் பட்டாளங்கள் தோன்றிவிட்டன. அவர்களுக்குச் சிவப்பு கிடையாது. கரும்பச்சைச் சட்டை, மின்னாத கறுப்புப் பொத்தான். ஐரோப்பாவின் காடுகளுக்கும் வேலி ஓரங்களுக்கும் அது பொருத்தமான உடுப்பு.

ஆனால், மரமில்லாத வறண்ட மலையில் கரும்பச்சை என்ன செய்யும்? வெளுத்த பாறையின் மேல் கறுப்பாகத்தான் தெரியும். பச்சை அணிந்த 60-வது ரைபிள் பட்டாளம் 1848, 1849-ம் ஆண்டுகளில் பஞ்சாபில் போரிட்டது. அதே போரில் லம்ஸ்டனின் புதுப் படையும் இருந்தது. அதன் நிறமோ வேறு.

புதிய படை

1846 டிசம்பரில், இன்று பாகிஸ்தானில் உள்ள பெஷாவரில், லம்ஸ்டன் ஒரு சிறு படையைத் திரட்டினார். ஒரு குதிரைப் படைப் பிரிவு, இரண்டு காலாட்படைப் பிரிவுகள். சுமார் 300 பேர். வழிகாட்டவும், உளவறியவும், போரிடவும் தெரிந்த ஆட்கள். அதனால் கைட்ஸ் படை என்று பெயர்.

யாரைச் சேர்த்தார் தெரியுமா? மலையின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர்களை! அவர்களில் ஒருவன் திலாவர் கான். கொள்ளைக்காரன். அவன் தலைக்கு அரசாங்கம் விலை வைத்திருந்தது. லம்ஸ்டன் அவனுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். தூக்குக் கயிற்றுக்குக் காத்திருப்பதைவிடப் படையில் சேர்வது நல்லது என்று எடுத்துச் சொன்னார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பிறகு தானே திரும்பி வந்து சேர்ந்தான். சுபேதார் பதவி வரை உயர்ந்தான்.

இப்படிப்பட்ட ஆட்களுக்குச் சிவப்புச் சட்டை எதற்கு? முரட்டுப் பருத்தித் துணியில் தளர்ந்த அங்கி, பைஜாமா, சிறு தலைப்பாகை. எல்லாம் மண் நிறம். பாரசீகத்திலும் உருதுவிலும் காக் என்றால் புழுதி. அதிலிருந்து வந்ததே காக்கி. முதலில் துணியை ஆற்றுச் சேற்றில் தேய்த்து நிறம் ஏற்றினார்கள் என்றும், தோலுக்கு முசுக்கட்டைப் பழச் சாறு பூசினார்கள் என்றும் சொல்வதுண்டு. 1848-ல் துணை அதிகாரி ஹாட்சன், 900 பேருக்கு வேண்டிய மங்கல் நிறத் துணியை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தார்.

மற்றப் பட்டாளங்கள் சிரித்தன. சேற்றில் புரளும் கூட்டம் என்று கேலிப் பெயரும் வைத்தார்கள்.

லம்ஸ்டன் இல்லாத போர்

1857 வந்தது. வட இந்தியாவில் சிப்பாய்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்கள். கைட்ஸ் படை மே 13-ல் மர்தானிலிருந்து புறப்பட்டது. கொளுத்தும் கோடை. சுமார் 580 மைல். ஜூன் 9-ல் டில்லியை அடைந்தது. அன்றே போரில் இறங்கியது.

ஆனால், தலைமையில் லம்ஸ்டன் இல்லை! அரசாங்கம் அவரைக் காந்தஹாருக்குத் தூது அனுப்பியிருந்தது. கலகச் செய்தி அங்கேயும் எட்டியது. கம்பெனி ஆட்சி கவிழ்ந்தால் அவர் தலையும் தப்பாது. தான் வளர்த்த படை சாவோடு போராடும்போது, அவர் அந்நிய ஊரில் கையைப் பிசைந்துகொண்டு 1858 வரை காத்திருந்தார்.

டில்லிக் குன்றில் இந்து ராவ் மாளிகையைக் காத்தவர்கள் மூன்று படையினர். பச்சை அணிந்த 60-வது ரைபிள் பட்டாளம், பச்சை அணிந்த கூர்க்காக்கள், காக்கி அணிந்த கைட்ஸ். கைட்ஸ் படையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். காக்கி குண்டைத் தடுக்கும் கவசம் அல்லவே! ஆனாலும் வெயிலையும் புழுதியையும் அது தாங்கியது. சிரித்த பட்டாளங்களே இப்போது தங்கள் வெள்ளை உடுப்பைச் சாயம் போட்டன. தேயிலை, மை, புகையிலைச் சாறு, சேறு, மசாலாப் பொடி, கையில் கிடைத்ததையெல்லாம் கரைத்தார்கள். எதிரே, கம்பெனியை விரட்ட எழுந்த சிப்பாய்களில் சிலர் கம்பெனி தந்த சிவப்புச் சட்டையோடே போரிட்டார்கள். விந்தைதான்!

போர் முடிந்ததும் பழைய பகட்டு திரும்பியது. மேலதிகாரிகளுக்குச் சிவப்பின் மேல் அத்தனை ஆசை. லம்ஸ்டன் 1862-ல் ஐதராபாத் படைக்குத் தலைவரானார். 1869-ல் இந்தியாவை விட்டுப் போனார். ஸ்காட்லாந்தில் வல்லூறு வளர்த்து, மரச் சிற்பம் செதுக்கி, அமைதியாக வாழ்ந்தார். 1885-ல் இந்தியப் படைக்குக் காக்கி முறைப்படி வந்ததைக் காதால் கேட்டார்.

1896 ஆகஸ்டில் இறந்தார். மறு ஆண்டு, கடல் கடந்து போகும் பிரிட்டிஷ் பட்டாளம் முழுவதுக்கும் காக்கியே உடுப்பு என்று ஆணை பிறந்தது. 1899-ல் தென்னாப்பிரிக்கப் போருக்குப் போன 60-வது ரைபிள் பட்டாளமும் காக்கியில்தான் போயிற்று. கரும்பச்சை, அணிவகுப்புக்கு மட்டும் மிஞ்சியது.