நோயின் ஊற்றுக்கண்ணைத் தேடிய விர்கோ

காலிலே தோன்றிய இரத்தக்கட்டி சுவாசப்பையை அடைத்து உயிரைக் கவரும் என்பதை இன்று வைத்திய மாணவர் யாவரும் அறிவர். ஆயின், இவ்வுண்மையை நிலைநாட்டத் தொடங்கியபோது ரூடோல்வ் விர்கோ இருபத்தைந்து வயதும் நிரம்பாத இளைஞர் என்பதை நம்மிற் பலர் அறியோம்.

இப்பெரியார் 1821ஆம் ஆண்டு ஒற்றோபர் 13ஆந் திகதி, பிரசியாவின் பொமரேனியா மாகாணத்துச் சிவெல்பைன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். 1843இல் பேர்லினில் வைத்தியப் பட்டம் பெற்று, சரிட்டே வைத்தியசாலையிற் பிரேத பரிசோதனைப் பணியில் அமர்ந்தார்.

சுவாசப்பை நாடிகளில் இரத்தக்கட்டி இருத்தலை முன்னரே பலர் கண்டிருந்தனர். அஃது அவ்விடத்தே அழற்சியினால் உண்டாவது என்பதே அக்காலக் கொள்கை. பாரிசுப் பேராசான் குருவேலியே, நாள அழற்சியே நோய்களுக்கெல்லாந் தலையாயது எனப் போதித்தார். விர்கோ பெரியோர் கூற்றென்று அதனை வாளா ஏற்றிலர். 76 பிரேதங்களைச் சோதித்து, 18இல் நாளங்களிலும், 11இல் சுவாசப்பை நாடிகளிலும் கட்டிகளைக் கண்டார். நாளத்து இரத்தம் இதயம் புகுந்து சுவாசப்பைக்கே செல்லுமாதலின், கால் நாளத்திற் பெயர்ந்த கட்டியும் அவ்வழியே செல்லும் எனத் துணிந்தார். நாய்களின் நாளங்களில் இறப்பர்த் துண்டுகளை இட்டு, அவை சுவாசப்பை நாடிகளிற் சென்று தங்குவதைக் காட்டினார். எம்போலிசம் என்று இன்று வழங்கும் பெயர் அவரது ஆக்கத்தின் வழி வந்ததே.

நோய் வெளிப்படும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு என்னும் இவ்வறிவு அவரைப் பிரேத அறையோடு நிறுத்தவில்லை. 1848இல் மேற் சிலேசியாவிற் பரவிய டைபசுக் காய்ச்சலை ஆராய அரசாங்கம் அவரை அனுப்பியது. வறுமையும் கல்லாமையும் உரிமையின்மையுமே அக்கொள்ளைநோயின் ஊற்றுக்கண் என அவர் அறிக்கை எழுதினார். அவ்வாண்டுப் புரட்சியிலும் கலந்துகொண்டமையால், 1849இற் பேர்லினை விட்டு வூர்ட்சுபேர்க் செல்ல நேர்ந்தது. 1856இல் மீண்டவர், 1858இற் கலநோயியல் நூலை வெளியிட்டார். நகர சபை உறுப்பினராய்ப் பேர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமையப் பாடுபட்டார்.

அவரிடத்துங் குறை இருந்தது. பிரசவ அறை வைத்தியர் கைகழுவ வேண்டுமென்ற செம்மல்வைசின் உண்மையை அவர் காலத்தில் ஏற்றிலர். ஒருகாற் பழங்கொள்கையை எதிர்த்தவர், பின்னர்ப் புதுக்கொள்கைக்குத் தடையாதலும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1902 சனவரியில் டிராம் வண்டியினின்று இறங்குகையில் வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் நலம் பெறாது, அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி மறைந்தார். இன்று சத்திர சிகிச்சை முடிந்த நோயாளியை மறுநாளே எழுந்து நடவென்று தாதியர் வற்புறுத்துவதைக் காண்கிறோம். படுத்த காலில் இரத்தம் உறையாதிருக்கவே அவ்வேற்பாடு. அதன் பின்னால், பிரேதங்களின் நடுவே நின்று உயிரோடிருப்போரைக் காக்க வழி தேடிய அவ்விளைஞரின் உழைப்பு உண்டு.