வளைந்த கால்களை நிமிர்த்தியவர்

லண்டன், கிளாஸ்கோ முதலிய நகரங்களில் ஒரு காலத்தில் ஏழைக் குழந்தைகள் பலரின் கால்கள் வில் போல வளைந்திருக்கும். ரிக்கெட்ஸ் என்பது அந்த நோயின் பெயர். எலும்பு இறுகாது, உடல் பாரம் தாங்காமல் வளைந்துவிடும். ஆலைப் புகை வானத்தை மூடியிருந்தது. சந்துகளில் வெயிலே விழாது. காற்று கெட்டதுதான் காரணம் என்றார்கள் சிலர். குழந்தைகள் ஓடியாடாததுதான் காரணம் என்றார்கள் வேறு சிலர்.

இந்தப் புதிரை அவிழ்க்க வந்தவர் எட்வர்டு மெல்லன்பி. இங்கிலாந்தில் வெஸ்ட் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் 1884-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் கப்பல் கட்டும் தளத்தில் மானேஜர். மகன் கேம்பிரிட்ஜில் படித்து டாக்டரானார். அவர் மனைவி மே அம்மையாரும் விஞ்ஞானிதான். பற்களை ஆராய்ந்தவர்.

நாய்க்குட்டிகள்

முதல் உலகப் போர் நடந்த சமயம். லண்டனில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருந்த மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வெளியே விடாமல் அடைத்து வளர்த்தார். ஸ்காட்லாந்து மக்கள் சாப்பிடும் ஓட்ஸ் கஞ்சிதான் அவற்றுக்கு முக்கிய ஆகாரம். சில மாதங்களில் குட்டிகளின் கால்கள் வளைந்தன!

வேறு சில குட்டிகளுக்கு, காட் என்ற மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தார். அவற்றுக்கு நோய் வரவில்லை. 1919-ல் இதை உலகுக்கு அறிவித்தார். குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அந்த நாற்ற எண்ணெய் மெய்யாகவே மருந்துதான் என்று நிரூபணமாயிற்று.

ஒன்றில் மட்டும் அவர் கணக்கு தப்பியது. எண்ணெயில் இருந்த வைட்டமின் 'ஏ'தான் நோயைத் தடுத்தது என்று எண்ணினார். அமெரிக்க விஞ்ஞானி மெக்காலம், எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அந்த 'ஏ'யை அழித்தார். பிறகும் அது ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது! 1922-ல் தெரிந்த இந்த வேறு சத்துக்கு வைட்டமின் 'டி' என்று பெயர் வந்தது. வெயில் பட்டால் அது நம் தோலிலேயே உண்டாகும்.  

லக்னோவில்

1933 முதல் 1949 வரை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் செயலாளராக இருந்தார். ஓய்வு பெற்றதும் நம் நாட்டுக்கு வந்தார். லக்னோவில் பழைய அரண்மனை ஒன்றில் அமைந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் டைரக்டர் அவரே. 1951 பிப்ரவரியில் நேரு அதைத் திறந்து வைத்தார். மெல்லன்பி 1955 ஜனவரி 30-ல் காலமானார்.

அவர் காலத்துக்குப் பின் ஒரு புதுமை தெரிய வந்தது. தோலில் உண்டாகும் 'டி' அப்படியே வேலை செய்வதில்லை. இரத்தத்தோடு ஈரலுக்குப் போய் அங்கே ஒரு மாறுதல் அடைகிறது. சிறுநீரகத்தில் இன்னொரு மாறுதல். அப்போதுதான் அதற்கு முழுச் சக்தி.

அந்தச் சக்தி எலும்போடு நிற்கவில்லை. ஈரல் புண்படும்போது அங்குள்ள சில உயிரணுக்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. அதனால் அழற்சி மூளுகிறது. அது நீடித்தால் ஈரலில் தழும்பு விழும். அந்தச் செய்திகளை 'டி' அடக்குவதைச் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். 'டி'யைப் போலச் செய்த மருந்து ஒன்று எலிகளின் ஈரல் தழும்பைக் குறைத்ததாக 2013-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஈரல் நோய் கண்ட மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் மட்டும் இன்னும் தெளிவான பலன் கிடைக்கவில்லை.