பட்டினத்தார் கையில் இருந்த கரும்பு

பட்டினத்தாரின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் திருநீறு, கையில் ஒரு கரும்பு. 1962-ல் டி.எம்.சௌந்தரராஜன் நடித்து வெளிவந்த 'பட்டினத்தார்' படத்தைப் பார்த்த தலைமுறைக்கு அவர் கதை நன்றாகவே தெரியும். ஆனால், வீடு, சொத்து எல்லாவற்றையும் விட்டவர் கரும்பை மட்டும் ஏன் கையில் வைத்திருந்தார் என்று கரும்பு போடும் நீங்கள் யோசித்ததுண்டா? அந்தக் கரும்பின் கதை வடசென்னையில், திருவொற்றியூர்க் கடற்கரையில் முடிகிறது. மண்ணுக்கும் சுவைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கதை நம்மிடம் இல்லை.

வணிகர் வீட்டுப் பிள்ளை

பட்டினத்தாரின் இயற்பெயர் திருவெண்காடர். காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில், கடல் வாணிகம் செய்த பெரும் செல்வர் குடும்பத்தில் பிறந்தார். பட்டினத்துக்காரர் என்பதால் பட்டினத்தார் ஆனார். அவருக்கும் மனைவி சிவகலைக்கும் பிள்ளை இல்லை. திருவிடைமருதூரில் ஓர் ஏழை அந்தணரிடம் இருந்து குழந்தை ஒன்றைப் பெற்று, மருதவாணன் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இறைவனே அப்படி வந்தார் என்பது மரபு.

மருதவாணன் வளர்ந்து கப்பலேறி வாணிகத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது மூட்டைகளில் இருந்தவை வரட்டியும் தவிடும். தந்தைக்குக் கடும் கோபம். உழவருக்கு இரண்டுமே காசு பெறும் சரக்கு. வணிகருக்கு அப்படி இல்லையே. கோபத்தில் வீசிய வரட்டி உடைந்தபோது உள்ளே மணிகள் இருந்தன. ஓடிப்போய் மகனைத் தேடினார். மகன் இல்லை. ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தது. அதற்குள் காது ஒடிந்த ஊசி ஒன்றும், எழுதிய ஓலை நறுக்கு ஒன்றும். சேர்த்துவைத்த எதுவும், உதவாத ஓர் ஊசிகூட, இறுதிப் பயணத்துக்குத் துணை வராது என்பதே அந்த ஓலையின் பொருள். அன்றே திருவெண்காடர் வீட்டை விட்டு வெளியேறினார்.

மானம் போகிறதே என்று கருதிய உடன்பிறந்தவள் நஞ்சு கலந்த அப்பம் கொடுத்தாள் என்றும், அதை அவர் கூரை மேல் வீச, வீடு தீப்பற்றியது என்றும் கதை சொல்கிறது. தாய்க்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: எங்கே இருந்தாலும் கொள்ளி வைக்க வருவேன் என்று. தாய் இறந்ததும் வந்தார். விறகை விலக்கி, பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, அதன்மேல் தாயைக் கிடத்தி, பாடித் தீ மூட்டினார். முக்கால் பங்குக்கு மேல் நீர் உள்ள வாழைமட்டை எரிந்தது என்பதில்தான் அந்தக் கதையின் வலி இருக்கிறது. வாழை வெட்டிய கைகளுக்கு அது உடனே புரியும்.

அவருடைய கணக்கராக இருந்த சேந்தனார் சிறைப்பட்டதும், பட்டினத்தார் வேண்ட விடுதலை பெற்றதும், உஜ்ஜயினி மன்னர் பத்திரகிரி அரசைத் துறந்து அவருக்குச் சீடரானதும் அடுத்து வருபவை. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் குருவும் மேற்கு வாசலில் சீடரும் இருந்ததாகச் சொல்வார்கள்.

ஐந்து ஊர், ஐந்து மண்

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டினத்தார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பதினோராம் திருமுறையில் உள்ள ஐந்து நூல்களைப் பாடியவர் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டுக்காரர். நிலையாமையைப் பாடிய சித்தர் பாடல்கள் மொழிநடையில் பல நூற்றாண்டு பிந்தியவை. மக்கள் மனதில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

அந்த ஐந்து நூல்களும் ஐந்து தலங்களைப் பற்றியவை: சிதம்பரம், சீர்காழி, திருவிடைமருதூர், காஞ்சிபுரம், திருவொற்றியூர். ஒரு வேளாண் விஞ்ஞானியின் கண்ணுக்கு இது ஐந்து வகை நிலத்தின் பட்டியலாகவும் தெரிகிறது. திருவிடைமருதூரில் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். சீர்காழியும் சிதம்பரமும் கடல் காற்று எட்டும் கடைமடைப் பகுதி. காஞ்சியில் ஏரிப்பாசனம். திருவொற்றியூரில் கடல் மணல். இதே வழியில்தான் அவர் கையில் கரும்பு வந்தது.

நுனி இனித்த இடம்

முத்தி எப்போது என்று பட்டினத்தார் இறைவனிடம் கேட்டார். இறைவன் ஒரு பேய்க்கரும்பைக் கையில் கொடுத்து, இதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே என்று அருளினார். கரும்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். போன இடமெல்லாம் நுனி கைத்தது. திருவொற்றியூர் மண்ணை மிதித்ததும் இனித்தது. அங்கேயே தங்கினார். கடற்கரையில் விளையாடிய சிறுவர்களோடு சேர்ந்து, தன்னை மூடச் சொல்லி மறைவதும் வேறோர் இடத்தில் தோன்றுவதுமாக விளையாட்டுக் காட்டினார். கடைசியாக மூடியதைத் திறந்து பார்த்தபோது அவர் இல்லை, சிவலிங்கம் இருந்தது என்பது மரபு. இன்றும் அந்தச் சமாதிக் கோயில் திருவொற்றியூரில் கடலோரமாக இருக்கிறது. ஆடி மாத உத்திராட நாளில் குருபூஜை நடக்கிறது.

இது நம்பிக்கை. இதை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்க வேண்டியதில்லை. வெட்டிய கரும்பு மேலும் முதிராது. நாளாக நாளாக அதன் சர்க்கரை சிதையவே செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர்கள் கரும்பை நன்றாக அறிந்தவர்கள். அடிக்கரும்பு எந்த ஊரிலும் இனிக்கும். கடைசியாக இனிப்பு ஏறுவது நுனியில். அதனால்தான் சோதனைக்கு நுனியைத் தேர்ந்தெடுத்தார்கள். கற்றறிந்தோர் நட்புக்கு நுனியிலிருந்து கரும்பு தின்பதை உவமை சொன்ன நாலடியாரும் இதே அறிவைத்தான் காட்டுகிறது.

நுனியில் இனிப்பு ஏறுவது எப்படி?

கரும்பில் சர்க்கரை அடிக்கணுவிலிருந்து ஒவ்வொரு கணுவாக மேலே சேர்கிறது. இளம் கணுவில் இருப்பவை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். வளர்ச்சிக்கே அவை செலவாகிக்கொண்டிருக்கும். பயிர் வளர்வதை நிறுத்தினால்தான் சுக்ரோஸ் என்னும் கட்டிச் சர்க்கரை நுனிவரை நிரம்பும்.

வளர்ச்சியை நிறுத்துவது மூன்று. இரவுக் குளிர், மண்ணில் குறையும் ஈரம், தீர்ந்துபோகும் தழைச்சத்து. இவற்றோடு பகலில் நல்ல வெயிலும் வேண்டும். தை, மாசியில் வெட்டும் கரும்பு இனிப்பதற்கு இதுவே காரணம். மணல் கலந்த நிலத்தில் தண்ணீரும் தழைச்சத்தும் சீக்கிரம் வடிந்துவிடுவதால் கரும்பு முன்னதாக முதிரும், எடை குறையும். கனத்த களிமண்ணில் எடை கூடும்; முதிர்ச்சி தாமதமாகும். ஒரே ரகக் கரணையை இரண்டு ஊரில் நட்டு, இரண்டு சுவையில் வெல்லம் காய்ச்சுவது இதனால்தான்.

திராட்சையிலும் இதே கதைதான். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தோட்டங்களின் ஒயினுக்கு வேறு பெயர், வேறு விலை. மண்ணின் வடிகால், சுண்ணாம்புத்தன்மை, சரிவு, வெயில் விழும் நேரம் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து அப்படிப் பிரித்தார்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணுக்கும் காற்றுக்கும் கிடைத்த மதிப்பே.

பேய்க்கரும்பு தந்த வரம்

பேய்க்கரும்பு என்ற பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும். ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நாணல் இனக் காட்டுக் கரும்பையும் அப்படி அழைப்பதுண்டு. நார் மிகுதி, சாறு குறைவு, இனிப்பும் குறைவு. ஆனால் வறட்சி, வெள்ளம், நோய் எதற்கும் அசையாது.

1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கியது. அங்கே சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், வெள்ளை என்ற இனிப்புக் கரும்பைத் தாயாகவும் கோவைப் பகுதி நாணலைத் தந்தையாகவும் வைத்து ஒரு கலப்பு செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வட இந்தியாவுக்கு வெளியிடப்பட்டது. குளிரையும் வறட்சியையும் தாங்கி அங்கிருந்த மெல்லிய நாட்டுக் கரும்புகளைப் பின்னுக்குத் தள்ளியது. நம் மாநிலத்தில் பெரும்பரப்பில் பயிரான கோ 86032 உட்பட இன்றைய வணிக ரகங்களின் பரம்பரையில் அந்தக் காட்டுச் செடியின் ரத்தம் ஓடுகிறது. கைத்த கரும்பு இனித்தது என்ற கதைக்கு, நிலத்தில் கிடைத்த பதில் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனித்த மண்ணில் இன்று உப்பு

பட்டினத்தார் நடந்த கடற்கரை இன்று அப்படியே இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் துறைமுகத்தில் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருப்பதை எண்ணூர் சாலையில் போகும்போது பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் மண்ணுக்கு அடியில். எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர் பகுதியில் 1960-களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் மூலம் ஆலைகளுக்கும் நகருக்கும் தண்ணீர் எடுத்தார்கள். உழவர்களும் எடுத்தார்கள். நன்னீர் இறங்க இறங்கக் கடல் நீர் உள்ளே வந்தது. பல கிணறுகள் உவர்ப்பாயின.

கரும்பு உப்பை ஓரளவுதான் தாங்கும். மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 6 சதவீதம் இழப்பு. இனிப்பும் தப்பாது. சாற்றில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து, வெல்லம் கறுக்கும், உப்புக் கரிக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து இளகும். வேதாரண்யம் வரை கடலோரத்தில் பயிர் செய்யும் எல்லோருக்கும் இது எச்சரிக்கை. மண்ணைக் கெடுக்க ஒரு தலைமுறை போதும். திருத்தப் பல தலைமுறை ஆகும்.

உங்கள் வயலில் செய்ய வேண்டியவை

1. தழைச்சத்து உரத்தை நட்ட 90 நாட்களுக்குள் பிரித்து இட்டு முடியுங்கள். பிந்தி இடும் யூரியா எடையைக் கூட்டுவதுபோல் தெரியும். நுனியின் இனிப்பைக் குறைக்கும். வெல்லம் காய்ச்சுபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்.

2. 5, 7-ஆம் மாதங்களில் சோகை உரித்து, பாரில் பரப்புங்கள். வெயிலும் காற்றும் உள்ளே போகும், ஈரமும் காக்கும்.

3. அறுவடைக்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன் பாசனத்தை நிறுத்துங்கள்.

4. வெட்டும் முன் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கைக்கருவியால் அடிக்கணுவிலும் நுனிக்கணுவிலும் பிரிக்ஸ் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகி, 18 முதல் 20 இருந்தால் கரும்பு முதிர்ந்துவிட்டது. நுனி மிகவும் குறைந்தால் பொறுங்கள். கருவி இல்லாதவர்கள் கொழுந்தாடைக்குக் கீழுள்ள கணுவைக் கடித்துப் பாருங்கள். பட்டினத்தார் செய்த சோதனையும் அதுதான்.

5. தரையோடு ஒட்டி வெட்டுங்கள். இனிப்பு மிகுந்த அடிப்பகுதியை நிலத்தில் விட்டுவிடாதீர்கள். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போகட்டும்.

6. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில், கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் மருந்து. உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரும் வடிகாலுமே மருந்து. பரிசோதிக்காமல் ஜிப்சம் வாங்கிப் போட்டுக் காசை வீணாக்காதீர்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.355. இந்தக் கட்டுமானம் ஆலை முழுவதற்குமான சராசரி. நுனிவரை இனிக்க வளர்த்தவருக்கும், பச்சையாக வெட்டி அனுப்பியவருக்கும் ஒரே விலை. வெட்டும் உத்தரவு தாமதமானால் வயலில் காய்ந்து எடை இழப்பவரும் விவசாயிதான். வயல்வாரியாக முதிர்ச்சி பார்த்து வெட்டு வரிசை போட ஆலைகளிடம் கேளுங்கள். உங்கள் பிரிக்ஸ் அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கும்போது கையில் கணக்கு இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.